சும்மா கிடக்கும் கொரங்காட்டைக் காடாக்க வேண்டுமா?

கேள்வி, ஜூன் 9

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் எங்கள் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) தோட்டத்துச் சாலையும் (தோட்ட வீடு) அதைச் சுற்றி இரண்டு ஏக்கர் கொரங்காடும் (மேய்ச்சல் நிலம்) என் பங்குக்கு வந்திருக்கிறது. நான் இருப்பது கோயம்புத்தூரில், விவசாயம் செய்யப்போவதில்லை. குருவி, பட்டாம்பூச்சி, முயல் எல்லாம் வந்து தங்கட்டும் என்று நிலத்தை விட்டுவிட ஆசை. ஒரு நண்பர் மியாவாக்கி முறையில் நெருக்கமாக மரம் நட்டுக் குட்டிக் காடு ஆக்கச் சொல்கிறார். இன்னொருவர் கம்பி வேலி போட்டுப் பூட்டிவிட்டு வா, அதுவே காடாகிவிடும் என்கிறார். எது சரி?

பதில், ஜூன் 9, இரவு

இரண்டும் வேண்டாம். இப்போதைக்கு பொக்லைனை உள்ளே விடாமல் இருங்கள், அது போதும். நிலம் கைக்கு வந்ததும் "ஒரு தடவை சுத்தம் பண்ணிரலாம்" என்று பொக்லைன் பிடிப்பது நம் பக்கத்தில் பூமி பூஜை மாதிரி ஆகிவிட்டது. வேலியோரப் புதர், கரையான் புற்று, பழைய கல் குவியல், பட்டுப்போன பனை எல்லாம் அரை நாளில் போய்விடும். நீங்கள் வரவழைக்க நினைக்கிற உயிர்களில் முக்கால்வாசி அந்த நாலு இடத்தில்தான் இப்போதே குடியிருக்கின்றன.

மியாவாக்கி பற்றி நாளை.

ஜூன் 10

அகிரா மியாவாக்கி ஜப்பானியத் தாவரவியலாளர், 2021இல் காலமானார். அவருடைய முறையில் சதுர மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து கன்றுகள் வரை நடுவார்கள். ஒரு ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர். மூன்று என்றே வைத்தாலும் உங்கள் இரண்டு ஏக்கருக்கு 24,000 கன்றுகளுக்கு மேல் வேண்டும். அப்புறம் இரண்டு மூன்று வருடம் தண்ணீர் விட வேண்டும். எந்தத் தண்ணீர்? போர்வெல்லில் நூலாக வருமே, அதையா? தொழிற்சாலை வளாகத்திலோ ஊருக்கு நடுவில் குப்பை கொட்டிக் கிடந்த மூலையிலோ அந்த முறை நல்ல வேலை செய்யும். உங்கள் மண்ணுக்கு அது சரிவராது.

காங்கேயம், வெள்ளக்கோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரம் மேற்கு மலைக்கு மழை மறைவில் கிடக்கிறது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வருவது காற்றுதான். மழை என்று கிடைப்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். இந்த மண்ணுக்கென்று பழைய ஆட்கள் செய்துவைத்த ஏற்பாடுதான் கொரங்காடு. சுற்றிலும் முள்கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே நரிப்பயற்றுக் கொடி, அங்கங்கே வெள்வேல மரம். காங்கேயம் மாடும் செம்மறியும் இதில்தான் வளர்ந்தன. இது மரம் நடாமல் விட்டுப்போன நிலம் அல்ல. மரங்கள் உள்ள புல்வெளி, அதுவே முழுமையானது.

இந்தப் புல்வெளிக்கென்றே இருக்கும் உயிர்களைப் பாருங்கள். கவுதாரி புல் தூரின் அடியில் முட்டையிடும். ஆள்காட்டி கூடே கட்டாது, வெறுந்தரையில் கூழாங்கல்லோடு கல்லாக நாலு முட்டை வைக்கும். வானம்பாடிக்கும் திறந்த தரைதான் வேண்டும். கோடையில் கல்மேல் ஏறி நின்று கழுத்து விசிறியை விரித்து மடக்கும் ஓணானுக்கும் அப்படியே. இவை இருக்கும் இடத்தில் இருபதாயிரம் மரத்தை நெருக்கி நட்டால் கிளம்பிப் போய்விடும். அப்புறம் "பல்லுயிர்க் காடு" என்று பலகை வைக்கலாம், நாடா வெட்ட ஆள் கூப்பிடலாம்.

ஜூன் 10, சாயங்காலம்

"அப்படியானால் மரமே நடக்கூடாதா" என்று கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். நடுங்கள், சாலையை ஒட்டி. வேம்பு, நாவல், நுணா, இலந்தை. குளிக்கிற தண்ணீர் போகிற வழியில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வைத்தால் அதன் இலையில் முட்டையிடும் பட்டாம்பூச்சிகள் அந்த வருடமே வரும். புழு இலையைத் தின்னும். தின்னட்டும், அதற்குத்தானே வைத்தீர்கள்.

காட்டுக்குள் (நம் பக்கத்தில் காடு என்றால் மானாவாரி நிலம்) வெள்வேலத்தை நட வேண்டியதே இல்லை. கோடையில் காய் உதிரும், ஆடு தின்னும், புழுக்கையில் விதை போய்ச் சேரும். கன்று முளைத்த இடத்தில் நாலு முள்ளை வெட்டிப் போட்டு மறைத்தால் சரி.

ஜூன் 16

கம்பி வேலிக்கு வருகிறேன். எங்கள் நிலம் மூலனூர்ப் பக்கம். மேற்கே கிளுவை வேலி, கிழக்கே பங்காளி கல்கால் நட்டுக் கம்பி கட்டிவிட்டார். இரண்டு வேலிக்கும் நடுவில்தான் நான் இத்தனை வருடமாக நடக்கிறேன்.

கிளுவை வெறும் வேலி இல்லை. பங்குனியில் இலை கொட்டி எலும்பாக நிற்கும், ஒரு மழை விழுந்தால் பச்சை கட்டிவிடும். அதன்மேல் கோவைக்கொடி, பிரண்டை, முடக்கத்தான், வேலிப்பருத்தி, சீந்தில். கோவைப்பழம் சிவந்தால் கிளியும் கொண்டைக்குருவியும் காலையிலேயே ஆஜர். முள்ளுக்குள்ளே தையல்சிட்டு, தேன்சிட்டு. அடியில் தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைப் புரட்டிக்கொண்டே போகும், ஏழெட்டுப் பேர் கொண்ட குடும்பம், பேச்சு ஓயாது. பச்சோந்தி இருக்கும், ஆனால் கண்ணில் படாது. கீரி, முயல், உடும்பு எல்லாம் இந்த வேலியை ஒட்டியே ஒரு காட்டிலிருந்து அடுத்த காட்டுக்குப் போய்விடும். திறந்த வெளியில் வேட்டைப் பறவையான வைரியின் கண்ணில் படாமல் போக அவற்றுக்கு இருக்கிற ஒரே பாதை இதுதான்.

கம்பி வேலியில் உட்காருவது கரிச்சான். அது எதன் மேலும் உட்காரும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சின்னக் கண் கம்பிவலை போட்டால் முயலும் உடும்பும் அந்தப் பக்கமே நின்றுவிடும். நாய் மட்டும் எங்கேயாவது ஓட்டை கண்டுபிடித்து உள்ளே வரும். ஆகவே இரண்டாவது நண்பரின் யோசனையில் பூட்டுவது சரி, கம்பி வேண்டாம்.

ஜூன் 28

"சும்மா விட்டால் போதும்" என்ற பேச்சையும் நான் முழுசாக நம்பவில்லை. பழைய நிலமாக இருந்தால் விடலாம். இப்போது விட்டால் முதலில் வந்து உட்காருவது சீமைக்கருவேலம். அதன் காயை ஆடுமாடு விரும்பித் தின்னும், சாணத்தில் விதை நிலம் முழுக்கப் பரவும். நாலைந்து வருடத்தில் புல் இல்லாத முள்காடுதான் மிஞ்சும்.

ஆகவே பொக்லைன் பேச்சில் ஒரு விலக்கு. சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து முன்னைவிடப் புதராக வரும், வேரோடு பறிக்க வேண்டும். சின்னதை ஈரத்தில் கையால் பிடுங்கலாம். பெரியதற்கு இயந்திரம் வேண்டும். ஆனால் ஒரே நாளில் மொத்தத்தையும் எடுக்காதீர்கள், இப்போதைக்கு முயலும் காட்டுப்பூனையும் ஒளிய அதுதான் இருக்கிறது. ஒரு மூலையை எடுத்து, அங்கே புல்லும் ஆவாரையும் வந்தபின் அடுத்த மூலை.

இன்னொன்று. ஓட்டுநருக்கு எல்லா முள்மரமும் ஒன்றுதான். வன்னியும் தூரப் பார்வைக்கு அதன் உறவுக்காரன் போலத்தான் தெரியும். முதல் நாளே நடந்து போய் வெள்வேலம், வன்னி, நல்ல இலந்தை எல்லாவற்றிலும் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிவிடுங்கள். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். டீ குடிக்கப் போனால் ஒரு மரம் போச்சு.

ஜூன் 29

சப்பாத்திக்கள்ளி ஒழிந்த கதையை ஒருவர் நினைவுபடுத்தினார். அது உண்மை. நம் தாத்தாக்கள் காலத்தில் மாவட்டக் கணக்கில் நிலத்தை அடைத்துக்கொண்டிருந்த கள்ளி அது. 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு பூச்சி, வெள்ளைப் பஞ்சு போல ஒட்டி உறிஞ்சி, சில வருடங்களில் அதைத் தீர்த்துவிட்டது. நசுக்கினால் ரத்தச் சிவப்பு வரும் பூச்சி. சீமைக்கருவேலத்துக்கும் அப்படி ஒன்றை விட்டால் என்ன என்பது அவர் கேள்வி. வன்னி அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. பூச்சி ஆள் மாறி உட்கார்ந்தால் யார் பொறுப்பு? எனக்குக் கடப்பாரையே தேவலை.

ஜூலை 20

வீட்டுக்காரம்மா பாம்பு என்று சொல்லி வர மறுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கேட்பது நியாயம். புதர் இருந்தால் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பு இருக்கும். இதை மறைத்துவிட்டு வண்ணத்துப்பூச்சிப் படம் காட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

நாங்கள் செய்வது இதுதான். சாலையைச் சுற்றி இருபது அடிக்குப் புல்லை ஒட்ட வெட்டி வெறுந்தரையாக வைத்திருக்கிறோம். விறகு, ஓடு, தேங்காய் மட்டை எதுவும் சுவரை ஒட்டி அடுக்குவதில்லை. கோழிக்கூடு தள்ளி இருக்கிறது. இருட்டினால் கையில் டார்ச் இல்லாமல் யாரும் வாசல் தாண்டக்கூடாது, பெரியப்பா உட்பட. அவர் "எனக்குத் தெரியாத பாம்பா" என்பார், டார்ச்சைக் கையில் திணித்துவிடுவோம்.

ஆளைக் கொல்லுவதில் முக்கியமானவை நாலு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். கட்டுவிரியன்தான் எனக்குப் பயம். ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், கடி பெரிதாக வலிக்கவும் செய்யாது. கட்டிலில் படுத்துக் கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டால் அந்த ஆபத்து பெரும்பாலும் தீர்ந்தது. கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், பச்சிலைக்காரரிடம் போகாதீர்கள். கையைக் காலை அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனை. இந்த நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். அந்த மருந்தைத் தயாரிக்கத் தேவையான பாம்பு விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பழங்குடிப் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு ஆக்கியது. எந்த மருத்துவமனையும் கணக்குக் காட்டியாக வேண்டும்.

சாரையை அடிக்காதீர்கள். விஷம் இல்லை, எலியைத் தீர்ப்பது அதுதான். எலி மருந்து வைத்தீர்கள் என்றால், செத்தும் சாகாமலும் தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்று கூகை போய்விடும்.

ஜூலை 21

மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள். நேற்று எழுத விட்டுப்போனது. ராத்திரியில் எந்த ரோடு என்பதும்.

ஆகஸ்ட் 17

மயில் வரவேண்டும் என்று கேட்கிறீர்களா? ஐயா, அழைப்பே வேண்டாம். காங்கேயம் பக்கத்துச் சிவன்மலையில் முருகன் இருக்கிறார், வாகனம் முழுக்க எங்கள் நிலக்கடலைக் காட்டில் இருக்கிறது.

தேசியப் பறவை, 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது, தொட்டால் சிறை. விஷம் வைத்து மாட்டியவர்கள் உண்டு. விஷம் வைப்பது கொடுமை, அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் தக்காளியில் ஒவ்வொரு பழத்தையும் ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் போகும்போது விவசாயிக்கு வரும் ஆத்திரம் உங்களுக்குக் கோவையில் இருந்து தெரியாது. குட்டிப் பாம்பு, ஓணான், அரணை, வெட்டுக்கிளி என்று மயில் எதையும் விடாது. குள்ளநரியும் காட்டுப்பூனையும் குறைந்து, ஒளிய முள்காடு கூடி, தரிசும் கூடியதில் மயில் பெருகிவிட்டது. உங்கள் இரண்டு ஏக்கரும் மயில்கள் பகலில் படுக்கும் இடமாகிவிட்டால் சுற்றியுள்ள காட்டுக்காரர்கள் உங்களைத்தான் திட்டுவார்கள். அதற்கும் சேர்த்துத்தான் சீமைக்கருவேலத்தை எடுக்கச் சொன்னேன். தானியம் இறைத்து மயிலைப் பழக்காதீர்கள். படம் நன்றாக வரும், ஒப்புக்கொள்கிறேன்.

செப்டம்பர் 3

கிணற்று மேட்டு வெள்வேலத்தில் தூக்கணாங்குருவி கட்ட ஆரம்பித்திருக்கிறது. தண்ணீருக்கு மேல் தொங்கும் கிளைதான் அதற்கு வேண்டும், பாம்பு எட்டாது. ஆண்குருவி பாதிக் கூடு கட்டிவிட்டு நிறுத்தும். பெண்குருவி வந்து பார்த்து, பிடித்தால்தான் மீதி. பிடிக்காமல் விட்ட கூடுகள் காற்றில் ஆடுகின்றன. எங்கள் வீட்டில் பெண் பார்க்கப் போய் வந்த தம்பி இதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டான்.

நவம்பர் 8

மழைக்குப் பிறகு நீங்கள் அனுப்பிய விவரத்தில் "வெள்ளைப் பூவோடு இடுப்பளவுச் செடி நிறைய" என்று இருக்கிறது. பார்த்தீனியம். பூக்குமுன் பிடுங்க வேண்டும், கையுறை போட்டு, உடம்பை மூடிக்கொண்டு. சிலருக்கு அரிப்பும் மூச்சிரைப்பும் வரும். பூத்தபின் இழுத்தால் நீங்களே விதை விதைக்கிறீர்கள். பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடாமல் கொழுக்கட்டைப்புல் விதையைத் தூவுங்கள். இந்த ஒரு வேலை மட்டும் வருடாவருடம் உண்டு.

எருக்கை வெட்டாதீர்கள், தரித்திரம் என்று யார் சொன்னாலும். ஆரஞ்சு நிறத்தில் கறுப்பு விளிம்பு வைத்த பட்டாம்பூச்சி அதில்தான் முட்டையிடும். ஆவாரையில் மஞ்சள் பட்டாம்பூச்சிகள். நாட்டு ஆமணக்கில் பழுப்பு நிறத்தில் ஒன்று. கிலுகிலுப்பைச் செடியையும் தேள்கொடுக்குச் செடியையும் விட்டுவையுங்கள். நீலப்புலிப் பட்டாம்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக மலைகளுக்கு இடையே பறந்து போகிறபோது அவற்றின் மேல் மொய்த்து உட்காரும். தேனுக்காக அல்ல. காய்ந்த தண்டிலிருந்து ஒருவகைக் கசப்புச் சத்தை ஆண்பூச்சிகள் உறிஞ்சும். இணைசேர மணம் அதிலிருந்துதான், தின்னவரும் பறவையைத் துப்ப வைப்பதும் அதுதான்.

ஆடுதின்னாப்பாளை கரிசல் திட்டில் இருந்தால் அதையும் காப்பாற்றுங்கள். சிவப்பு உடம்புக் கறுப்புப் பட்டாம்பூச்சிக்கு அந்தக் குடும்பத்துச் செடி இல்லாமல் வழியில்லை.

ஜனவரி 14

இன்று காப்புக்கட்டு, பொங்கலுக்கு முந்தின நாள் வீட்டில் பூவும் வேப்பிலையும் கட்டுவது. தாராபுரம் சந்தையில் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் கட்டுக் கட்டாக விலைக்கு. எங்கள் அத்தை வேலியோரம் ஒரு நடை போய்விட்டு மடி நிறையக் கொண்டுவந்தார். "உன் புதர்க்காட்டுக்கு இதுக்காச்சும் ஒரு பிரயோசனம்" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 30

நாய். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நீங்கள் நிலத்தை விற்றிருப்பீர்கள். காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும் விவசாயிகள் செத்த ஆடுகளோடு மறியல் செய்ததும் செய்தியில் வந்தது. ஆட்டுக்கே அந்தக் கதி என்றால் முயல் குட்டி, கவுதாரி முட்டை எம்மாத்திரம். நம்மால் முடிந்தது சிறியது: இறைச்சிக் கழிவைக் காட்டோரம் கொட்ட விடாமல் இருப்பது, சொந்த நாயை ராத்திரி கட்டிவைப்பது, கருத்தடைக்கு ஏற்பாடு இருக்கிறதா என்று ஊராட்சியில் விடாமல் கேட்பது. இதற்கு மேல் என்னிடம் மருந்து இல்லை.

மார்ச் 12

வெயில் ஏறிவிட்டது. மூன்று விஷயம் சுருக்கமாக.

தண்ணீர்: மண்சட்டி போதும். ஆழமான சிமெண்டுத் தொட்டி இருந்தால் உள்ளே ஒரு கட்டையைச் சாய்த்து வையுங்கள், இல்லாவிட்டால் அணிலும் குருவியும் மிதக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டிக் கழுவுங்கள், கொசு வளர்க்க வேண்டாம். திறந்த கிணற்றுக்கு ஓரமாக முள் கட்டுங்கள்.

பட்ட பனை: நிற்கட்டும். மொட்டைப் பனைப் பொந்தில் கிளி, பனங்காடை, மைனா, புள்ளி ஆந்தை என்று போட்டி போட்டுக்கொண்டு குடித்தனம். உயிர்ப்பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021லேயே அறிவித்துவிட்டார்கள். செத்த பனைக்காகத்தான் பேச யாருமில்லை. வீட்டு மேலும் கரண்டுக் கம்பி மேலும் சாயாத தூரத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள்.

நெருப்பு: காய்ந்த கொழுக்கட்டைப்புல் ஒரு பீடித் துண்டுக்குப் போதும். ரோட்டோரம் பத்தடிக்குப் புல்லைச் செதுக்கிவிடுங்கள். மீதிப் புல்லை என்ன செய்வது என்பதில்தான் எனக்கு யோசனை மாறியிருக்கிறது. முன்பெல்லாம் மேய்ச்சலே கூடாது என்பேன். இப்போது பார்த்தால், ஒன்றும் மேயாத பக்கத்தில் பழைய புல் மக்கிப் படிந்து புதுத்தூர் வரவில்லை, நரிப்பயறு காணாமல் போனது. அளவாக மாடு மேய்ந்த பக்கத்தில் கவுதாரி கூப்பிடுகிறது. கொரங்காடு மாட்டோடு வளர்ந்தது, மாட்டை முழுசாகப் பிரிக்க முடியாது போல.

மார்ச் 29

பங்காளியோடு பேசி முடித்தாயிற்று. "வெளியூர்க்காரன் மாதிரி காட்டைப் புதராக்கி எலியும் மயிலும் எங்க பக்கம் ஏவிவிடறே" என்பது அவர் வழக்கு. அதில் பாதி நியாயம் உண்டு. மழை நின்று விதை உதிர்ந்த பின் தை முதல் பங்குனி வரை அவருடைய இரண்டு மாடும் எங்கள் காட்டில் மேயலாம், ஒரு நேரத்தில் பாதிக் காடுதான். பதிலுக்கு அவர் பார்த்தீனியத்தை வரப்பிலேயே பிடுங்குவார், கிளுவை வேலியில் கைவைக்க மாட்டார். எழுத்தில் ஒன்றும் இல்லை. ஒரு டம்ளர் மோரோடு முடிந்தது. நீங்களும் கோவையில் உட்கார்ந்து திட்டம் போடுவதைவிட, பக்கத்துக் காட்டுக்காரர் வீட்டுத் திண்ணையில் ஒரு சாயங்காலம் உட்காருங்கள். காவலுக்கு ஆள் போடுவதைவிட அது மலிவு.

ஏப்ரல் 6

கிழக்குப் பக்கம் வேலி இல்லை, கிளுவைப் போத்து (ஊன்றுவதற்கு வெட்டிய கிளை) எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். எங்களுடையதில் வெட்டிக்கொள்ளலாம். கட்டைவிரல் கனத்தில், ஆள் இடுப்பு உயரத்துக்கு. மழைக்கு முன்னால் நெருக்கமாக ஊன்றினால் தண்ணீர் ஊற்றாமலே பிடிக்கும். வெயில் தாழ வாருங்கள். கையுறையும் அரிவாளும் உங்களுடையது, எங்கள் அரிவாளைப் பெரியப்பா யாருக்கும் தரமாட்டார்.